ஆளைத் தொடாத ஆயுதம்: மார்க்கம் கேட்கும் கேள்வி



எல்லாப் புகழும் அகிலத்தின் அதிபதியான அல்லாஹ்வுக்கே. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், அவர்கள் வழி நடக்கும் நம் அனைவர் மீதும் உண்டாவதாக. தனிமையிலும் கூட்டத்திலும் அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்துகொள்கிறேன்.

அன்பிற்குரிய சகோதரர்களே! தாய்மார்களே!

உலகத்தில் இப்போது ஒரு வகை ஆயுதத்தைப் பற்றிப் பேச்சு அதிகமாகியிருக்கிறது. அது விழுந்த இடத்தில் பள்ளம் இருக்காது. ரத்தம் இருக்காது. சுவரில் ஒரு விரிசல்கூட இருக்காது. ஆனால் விளக்கு அணைந்துவிடும், கம்ப்யூட்டர் செத்துவிடும், செல்போன் டவர் ஊமையாகிவிடும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது, கருவிக்கு மட்டும்தான் சேதம் என்று இதைச் செய்பவர்கள் சொல்கிறார்கள். மனிதாபிமானமான ஆயுதம் என்றுகூடப் பெயர் வைக்கிறார்கள்.

இதைப் போய் ஜும்ஆவில் ஏன் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய 5 ஊர்கள் இருக்கின்றன. அந்த வழித்தடத்தில் மின்னணுப் போர்க் கருவிகளைச் சோதிக்கும் மையம் அமைக்க 2024 ஜூலையில் ஒப்பந்தமும் கையெழுத்தாகியிருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் நாளை அங்கே வேலைக்குப் போகலாம். இரண்டாவது காரணத்தை உரையின் கடைசியில் சொல்கிறேன். அது ஒவ்வொருவர் வீட்டையும் தொடுகிற காரணம்.

இது எப்படி வேலை செய்கிறது?

1962 ஜூலை 9ஆம் தேதி, அமெரிக்கா பசிபிக் கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. அங்கிருந்து 1,400 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஹவாய்த் தீவில் சுமார் 300 தெருவிளக்குகள் அணைந்தன. திருட்டு அபாய மணிகள் தானாகவே அலறின. வெடிப்பில் பிறந்த மின்காந்தத் துடிப்பு, நீண்ட கம்பிகளில் திடீர் மின்னழுத்தத்தை ஏற்றிவிட்டது. மின்னல் அடித்தால் வீட்டு டி.வி. எரிந்துபோகிறதே, ஏறக்குறைய அதுபோலத்தான். அதை ஒரு வீட்டில் இல்லாமல் ஒரு நாடு முழுவதும் ஒரே நொடியில் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அணுகுண்டு இல்லாமலேயே இதைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். நம் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பது போன்ற அலையைப் பல மடங்கு வலுவாக்கி, ஒரு கட்டடத்தை நோக்கிச் செலுத்துவது ஒரு முறை. 2012 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இப்படி ஓர் ஏவுகணையைச் சோதித்தார்கள். அது பறந்துபோன வழியில் அறைக்குள் இருந்த கம்ப்யூட்டர்கள் வரிசையாக அணைந்தன. படம் பிடிக்க வைத்திருந்த கேமராவும் சேர்ந்து அணைந்தது.

இன்னொரு முறை, நூலைவிட மெல்லிய கரி இழைகளை மின்நிலையத்தின் மேல் தூவுவது. இழைகள் கம்பிகளின் மேல் படிந்து ஷார்ட் சர்க்யூட் ஆகி மின்சாரம் நின்றுவிடும். மூன்றாவது, ரேடியோ அலையை இரைச்சலால் மூழ்கடிக்கும் ஜாமர். நம் நாட்டில் டிரோன்களை மடக்கப் பெரிதும் பயன்படுவது இதுதான்.

வளப்பூர் நாட்டின் மேல் வைத்துப் பாருங்கள்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை நீங்கள் அறிவீர்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேலே பல நாடுகள். அங்கே நாடு என்றால் சில சிற்றூர்கள் சேர்ந்த ஊராட்சி. அவற்றில் ஒன்று வளப்பூர் நாடு. மிளகும் காபியும் பலாவும் வாழையும் விளையும் மண். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் வாழும் இடம்.

அந்த மலைக்கு எந்தப் படையும் போகப்போவதில்லை. ஆனாலும், ஆளைத் தொடாத இந்த ஆயுதத்தைச் சற்று நேரம் வளப்பூர் நாட்டின் மேல் வைத்துப் பாருங்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாது. மலைவாசிக்கு மின்வெட்டு புதிதா என்ன? காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் சும்மாவே விளக்கு போகிற இடம். ஆனால் அன்றைக்கு டவரும் இல்லை. இரவில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி வருகிறது. 108க்கு யார் சொல்வது? சொல்லாமல் எந்த வண்டி வரும்? அந்த 70 வளைவுகளையும் எதில் இறங்குவது? ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டியில் இருக்கும் தடுப்பூசி மருந்து சூடேறிக் கெடுகிறது. பாம்புக்கடிக்கு மருந்து கேட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வழியில்லை. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் கருவி வேலை செய்யவில்லை. மலைக்குக் கீழே நாமக்கல்லில் முட்டை பொரிக்கும் நிலையங்களில் இன்குபேட்டர்கள் நிற்கின்றன.

யாரும் யாரையும் சுடவில்லை. ஆனால் அந்தத் தாயும் குழந்தையும் இறந்தால், கொன்றது யார்? இந்தக் கேள்விதான் இன்றைய உரை.

ஏற்கெனவே நடந்தவை

இது கற்பனைக் கணக்கு இல்லை. 1991 வளைகுடாப் போரில் இராக்கின் மின்நிலையங்கள் மீது கரி இழைகளும் வீசப்பட்டன, சாதாரணக் குண்டுகளும் வீசப்பட்டன. மின்சாரம் போனதும் குடிநீர் பம்புகள் நின்றன. கழிவுநீர் சுத்திகரிப்பு நின்று, சாக்கடை ஆற்றில் கலந்தது. அந்த ஆண்டு காலராவும் டைஃபாய்டும் பரவின. போரில் துப்பாக்கியையே பார்த்திராத குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்தார்கள்.

1999 மே 2 இரவு, நேட்டோ விமானங்கள் செர்பியாவின் மீது இதே கரி இழைகளைத் தூவின. அந்நாட்டின் சுமார் 70 சதவீத மின்சாரம் அன்றிரவு நின்றது. ஊழியர்கள் இழைகளைத் துடைத்து மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சில வாரங்களில் உண்மையான குண்டுகளே மின்நிலையங்கள் மீது விழுந்தன. மென்மையான ஆயுதம் கதவைத் திறந்தது, கொடிய ஆயுதம் பின்னாலேயே உள்ளே வந்தது.

நம் தமிழ் பேசும் மக்களையே பாருங்கள். 1990இல் இலங்கையில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்கில் தேசிய மின்சாரம் இல்லாமல் கிடந்தது. பேட்டரிக்கும் எரிபொருளுக்கும் தடை. பிள்ளைகள் ஜாம் போத்தலில் திரி போட்டுச் சிறு விளக்கில் படித்தார்கள். சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோ கேட்டார்கள். அங்கே இந்த நவீன ஆயுதம் வரவில்லை, ஆனால் அதன் விளைவு வந்தது. அதே 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வீடு வாசலை விட்டுத் துரத்தப்பட்டார்கள். அதையும் மறைக்க முடியாது. அநீதி யார் கையால் வந்தாலும் அநீதிதான், யார் மேல் விழுந்தாலும் வலி ஒன்றுதான்.

காஸாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 அக்டோபரில் மின்சாரமும் எரிபொருளும் நிறுத்தப்பட்டன. அக்டோபர் 11ஆம் தேதி அங்கிருந்த ஒரே மின்நிலையம் நின்றது. நவம்பரில் அஷ்ஷிஃபா மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்து, ஒரே படுக்கையில் வரிசையாகக் கிடத்தினார்கள். சில குழந்தைகள் இறந்தன. நவம்பர் 19ஆம் தேதி உயிரோடு இருந்த 31 குழந்தைகளை உலக சுகாதார நிறுவனம் அங்கிருந்து மீட்டது. இறந்த அந்தப் பிஞ்சுகளின் உடலில் குண்டுக் காயம் இருக்கவில்லை. இன்குபேட்டருக்குள் ஓட வேண்டிய மின்சாரத்தை நிறுத்தியதே போதுமானதாக இருந்தது.

பூனையைக் கட்டிவைத்த பெண்

சகோதரர்களே! அடிக்காமல் கொல்வது கொலையா என்ற கேள்விக்கு நபி (ஸல்) அவர்கள் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. ஒரு பெண் ஒரு பூனையைக் கட்டிவைத்தாள். அதற்குச் சாப்பாடும் போடவில்லை, பூமியில் ஊரும் பூச்சிகளைத் தின்று பிழைத்துக்கொள்ள அதை அவிழ்த்துவிடவும் இல்லை. பூனை செத்தது. அவள் நரகத்துக்குரியவள் ஆனாள்.

கவனியுங்கள். அவள் கல்லால் அடிக்கவில்லை, கத்தியால் வெட்டவில்லை. பூனையின் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதற்கும் அதன் உணவுக்கும் நடுவே நின்றாள், அவ்வளவுதான். நான் பூனையைத் தொடவே இல்லை என்று அவள் மறுமையில் வாதாட முடியுமா?

ஒரு பூனைக்கே இந்த நீதி என்றால், ஒரு நகரத்துக்கும் அதன் தண்ணீருக்கும் நடுவே நிற்பவனின் நிலை என்ன? ஒரு நோயாளிக்கும் அவருடைய டயாலிசிஸ் மிஷினுக்கும் நடுவே நிற்பவனின் நிலை என்ன?

அல்பகரா அத்தியாயத்தின் 205ஆவது வசனத்தில் அல்லாஹ் ஒரு மனிதனை அடையாளம் காட்டுகிறான். அவன் கையில் வாய்ப்புக் கிடைத்ததும் பூமியில் குழப்பம் செய்ய ஓடுகிறான், பயிரையும் சந்ததியையும் அழிக்கிறான், அல்லாஹ்வோ குழப்பத்தை விரும்புவதில்லை. இங்கே சந்ததியோடு பயிரும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. பயிரை அழித்தால் சந்ததி தானாக அழியும் என்பது எல்லாம் அறிந்த இறைவனுக்குத் தெரியும். இன்றைய உலகில் மின்சாரம் பயிரோடு சேர்ந்துவிட்டது. கிணற்றில் ஓடும் மோட்டாரும் அதுதான், மருந்தைக் காக்கும் குளிர்பெட்டியும் அதுதான்.

அதே அத்தியாயத்தின் 11ஆவது வசனத்தையும் எடுத்துப் பாருங்கள். குழப்பம் செய்யாதீர்கள் என்று சொல்லப்பட்டால், நாங்கள் சீர்திருத்தவே வந்தோம் என்பார்களாம். ஆயுதத்துக்கு மனிதாபிமானம் என்று பெயர் சூட்டும்போது இந்த வசனம் நினைவுக்கு வர வேண்டும்.

சுவிட்ச் கைக்கு வந்தபோது

நபி (ஸல்) அவர்கள் இந்த ஆயுதத்தின் வலியைத் தாமே அனுபவித்தவர்கள். நுபுவ்வத்தின் 7ஆவது ஆண்டுவாக்கில் மக்கத்துக் குறைஷிகள் ஓர் ஒப்பந்தம் எழுதி கஅபாவில் தொங்கவிட்டார்கள். பனூ ஹாஷிம் குடும்பத்தோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது, பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது. வாளை எடுக்கவில்லை. சந்தையை மட்டும் மூடினார்கள். அபூதாலிப் கணவாயில் சுமார் 3 ஆண்டுகள். இலைகளைத் தின்றார்கள். பசியில் குழந்தைகள் அழும் சத்தம் கணவாய்க்கு வெளியே கேட்டதாக ஸீரா நூல்கள் சொல்கின்றன. இரவில் ஹிஷாம் இப்னு அம்ர் என்பவர் ஒட்டகத்தில் தானியம் ஏற்றிக் கணவாய்க்குள் விரட்டிவிடுவார். தடை நீங்கிய சிறிது காலத்தில் அபூதாலிபும் அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அடுத்தடுத்து மறைந்தார்கள்.

காலம் திரும்பியது. ஹிஜ்ரத்துக்குப் பிறகு யமாமா நாட்டுத் தலைவர் துமாமா இப்னு உஸால் (ரலி) இஸ்லாத்தை ஏற்றார். மக்காவுக்குத் தானியம் போவதே யமாமாவிலிருந்துதான். நபியவர்களின் அனுமதி இல்லாமல் உங்களுக்கு ஒரு மணி கோதுமை வராது என்று துமாமா மக்காவாசிகளிடம் சொல்லிவிட்டார். சொன்னபடியே நிறுத்தினார். மக்கா தவித்தது.

இப்போது சுவிட்ச் நபி (ஸல்) அவர்கள் கையில். எதிரே இருப்பவர்கள் யார்? கணவாயில் தம்மைப் பட்டினி போட்டவர்கள். பத்ரிலும் உஹதிலும் படையெடுத்து வந்தவர்கள். இன்னும் போர் முடியவில்லை. பழி தீர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? ஆளைத் தொடவும் வேண்டாம், விட்டுவிட்டாலே போதும்.

மக்காவாசிகள் கடிதம் எழுதி, உறவைச் சொல்லிக் கெஞ்சினார்கள். நபி (ஸல்) அவர்கள் துமாமாவுக்கு எழுதினார்கள்: தானியத்தை விடுங்கள் என்று. ஒட்டகங்கள் மக்காவுக்குப் புறப்பட்டன.

இதுதான் நம் மார்க்கம் சகோதரர்களே. எதிரியின் வாளோடு போராடலாம். எதிரி வீட்டுக் குழந்தையின் ரொட்டியோடு போராடக் கூடாது.

அப்படியானால் இந்த ஆயுதமே கூடாதா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லவும் முடியாது. 2021 ஜூன் 27ஆம் தேதி ஜம்மு விமானப்படைத் தளத்தின் மீது டிரோன்கள் குண்டு போட்டன. அதற்குப் பிறகு நம் நாட்டில் டிரோன் தடுப்புக் கருவிகளின் தேவை இன்னும் கூடியது. டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய கருவி ஒன்று டிரோனின் ரேடியோத் தொடர்பை ஜாமரால் துண்டிக்கும், தேவைப்பட்டால் லேசரால் எரிக்கும். குண்டோடு வரும் டிரோனைச் சுட்டு வீழ்த்தினால் கீழே இருப்பவர் மேல் சிதறலாம். அலையால் அதைச் செயலிழக்கச் செய்வதில் அந்த ஆபத்து குறைவு. ஓர் உயிரைக் காப்பது மனித குலத்தையே காப்பது போன்றது என்ற குர்ஆனின் போதனைக்கு இது நெருக்கமானது.

பத்ரில் கிணறுகளை மூடிய சம்பவத்தைச் சிலர் எடுத்துக்காட்டலாம். அது போர்க்களத்தில், படைக்கு எதிராகச் செய்தது. அங்கேகூட, தண்ணீர்த் தொட்டிக்குக் குறைஷிகளில் சிலர் குடிக்க வந்தபோது அவர்களை விட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக இப்னு ஹிஷாமின் ஸீராவில் வருகிறது. பனூ நளீர் முற்றுகையில் சில பேரீச்ச மரங்கள் வெட்டப்பட்டதை அல்ஹஷ்ர் அத்தியாயம் குறிப்பிடுகிறது. இதனால் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அவ்ஸாயீ (ரஹ்) அவர்கள் மரங்களை வெட்டுவதையும் கட்டடங்களை இடிப்பதையும் வெறுத்தார்கள். எதிரியின் நிலத்தில் அதில் குற்றமில்லை என்றார்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). ஆனால் மக்களைத் தாகத்தாலும் நோயாலும் சாகவிடுவதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை.

சிரியாவுக்குப் படை அனுப்பியபோது அபூபக்கர் (ரலி) அவர்கள் யஸீத் இப்னு அபீ சுஃப்யானுக்குச் சொன்ன 10 கட்டளைகளை இமாம் மாலிக்கின் முவத்தாவில் பார்க்கலாம். பெண், குழந்தை, முதியவரைக் கொல்லக் கூடாது. கனி தரும் மரத்தை வெட்டக் கூடாது. மக்கள் வாழும் இடத்தைப் பாழாக்கக் கூடாது. உணவுக்காக அன்றி ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்கக் கூடாது. மக்கள் உயிர்வாழத் தேவையான உணவையும் பயிரையும் குடிநீர் அமைப்புகளையும் தாக்கக் கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தத்தின் கூடுதல் நெறிமுறையில் உலகம் எழுதிவைத்தது 1977இல்தான்.

ஆகவே நாளை இந்தத் துறையில் வேலை செய்யப் போகும் மகனிடமும் மகளிடமும் மூன்று கேள்விகளைக் கொடுத்து அனுப்புங்கள். இந்த அலை எதை நோக்கிப் போகிறது, ஆயுதத்தையா, ஊரையா? இது நின்றபின் யாருடைய தண்ணீர் நிற்கும், யாருடைய மூச்சு நிற்கும்? நிறுத்தியதைத் திரும்ப இயக்க வழி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் அல்லாஹ்விடம் சொல்லக்கூடிய பதில் இருந்தால் செய்யட்டும். பதில் இல்லாவிட்டால் சம்பளம் எவ்வளவு என்றாலும் ஒதுங்கட்டும்.

நம் கையில் இருக்கும் சுவிட்ச்

தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். ஏவுகணை நம் யாரிடமும் இல்லை. ஆனால் சுவிட்ச் எல்லோரிடமும் இருக்கிறது.

வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்ய வேண்டும் என்றால் என்ன செய்கிறோம்? அடிப்பதில்லை. கரண்டைக் கட் செய்கிறோம், மோட்டாரை நிறுத்துகிறோம். அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கும், ஒரு நோயாளித் தாய் இருப்பார். அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தால் பொதுக் கிணற்று பம்புக்குப் பூட்டுப் போடுகிறோம். மனைவியோடு மனஸ்தாபம் வந்தால், நான் ஒருநாளும் கை நீட்டியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருக்கிறோம். தொழிலாளியைத் திட்டுவதில்லை, ஆனால் இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைக்கிறோம்.

சில ஊர்களில் ஜமாஅத்தை எதிர்த்துப் பேசிய ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பதிவேடு தருவதில்லை, மையித்துக்கு இடம் தருவதில்லை. யாரும் அந்தக் குடும்பத்தை அடிக்கவில்லைதான். அபூதாலிப் கணவாயிலும் யாரும் அடிக்கவில்லை. அந்த ஒப்பந்தத்தை எழுதியவர்கள் பக்கம் நாம் நிற்கிறோமா, இரவில் தானியம் ஏற்றிவந்த ஹிஷாமின் பக்கம் நிற்கிறோமா என்று ஒவ்வொரு நிர்வாகியும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்காய்ப் பழி தீர்க்கவும் கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் பொது விதி. இதில் கையால் செய்த தீங்கு என்றோ, நிறுத்தி வைத்த தீங்கு என்றோ பிரிவினை இல்லை.

எனவே இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் யாருக்காவது எதையாவது அடைத்து வைத்திருந்தால், இன்று அஸருக்குள் திறந்துவிடுங்கள். தண்ணீரோ, சம்பளமோ, வழியோ, பேச்சோ, எதுவானாலும் சரி. வழக்கு இருந்தால் வழக்கு நடக்கட்டும், பிணக்கு இருந்தால் பஞ்சாயத்து நடக்கட்டும். தானியம் மட்டும் போகட்டும். கொஞ்சம் கூடுதலாகச் செய்ய முடிந்தவர்கள் உஸ்மான் (ரலி) அவர்களைப் பின்பற்றட்டும். மதீனாவில் ரூமா கிணற்றைத் தம் காசு கொடுத்து வாங்கி, எல்லோரும் குடிக்கத் திறந்துவிட்டவர்கள் அவர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளால் யாருடைய விளக்கும் அணையாமல் காப்பாயாக! அடைக்கப்பட்ட ஊர்களின் வழிகளைத் திறப்பாயாக! மலைமேலும் கடலோரமும் வாழும் எளிய மக்களின் வாழ்வாதாரத்தைப் பாதுகாப்பாயாக! எங்கள் பிள்ளைகளின் அறிவை உன் படைப்புகளுக்குப் பயனுள்ளதாக ஆக்குவாயாக! அதிகாரம் கையில் வரும்போது உன் தூதரைப் போல நடக்க எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.